கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் நெட் வந்து வந்து போகிறது

கேள்வி
வணக்கம். கேபிள் வழியாக ரவுட்டரில் இணைத்திருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர் இது. சில நாள் நன்றாக ஓடும், சில நாள் ஆன் செய்ததுமே ‘இணையம் இல்லை’ என்கிறது. அதே நேரம் ஃபோனில் வைஃபை தடையில்லாமல் வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகிறது. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. நெட்வொர்க் கார்டு போய்விட்டதா? புதிது வாங்க வேண்டுமா?

பதில் 1
ரவுட்டருக்குப் பின்னால் சின்ன ரீசெட் ஓட்டை இருக்கும். குண்டூசியால் பத்து நொடி அழுத்துங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பதில் 2
தயவுசெய்து ரீசெட் பக்கம் போகாதீர்கள். இணைப்புக்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள் போடப்பட்டிருந்தால் அதுவும் அழிந்து, ஃபோனில் வரும் நெட்டும் போய்விடும். கார்டுக்கும் அவசரம் வேண்டாம்.

நெட் இல்லாத நேரத்தில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் கொடுங்கள். ஐபிவி4 முகவரி (நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரின் எண்), டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஹெச்சிபி சர்வர் (முகவரி கொடுப்பது), இந்த மூன்று வரி போதும். முகவரி 169.254 என்று தொடங்கினால், கேட்டும் யாரும் தராததால் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்படி இல்லையென்றால் கேட்வேயை பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது), அப்புறம் வெளி இணையத்தில் இருக்கும் 8.8.8.8. இரண்டும் பதில் தந்து, தளங்கள் மட்டும் திறக்காவிட்டால், தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் சிக்கல். நெட் வரும்போதும் ஒருமுறை இதையே எடுத்து இரண்டையும் போடுங்கள்.

கேட்டவர்
நெட் இல்லாதபோது: முகவரி 192.168.0.103. கேட்வே, டிஹெச்சிபி சர்வர் இரண்டும் 192.168.0.1. கேட்வே பிங்குக்கு உடனே பதில் வருகிறது, 8.8.8.8 வரவில்லை.
நெட் வந்தபின்: முகவரி 192.168.1.7, கேட்வே 192.168.1.1. ரவுட்டர் ஸ்டிக்கரில் இருப்பதும் 192.168.1.1 தான்.

பதில் 2
பிடிபட்டது. வீட்டில் முகவரி கொடுப்பவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பழைய ரவுட்டர் எதையாவது வைஃபைக்காக மாட்டியிருக்கிறீர்களா?

முகவரி வேண்டும் என்று கம்ப்யூட்டர் நெட்வொர்க் முழுவதற்கும் பொதுவாகத்தான் கேட்கும். பெரும்பாலும் முந்திப் பதில் தருபவரிடம் வாங்கிக்கொள்ளும். பழைய ரவுட்டர் முந்திய நாளில் அதுவே கேட்வே ஆகிவிடுகிறது, அதற்கோ வெளியே போக வழியே கிடையாது. ஃபோன் தப்பிப்பது, முதன்மை ரவுட்டரிடம் முன்பு வாங்கிய முகவரியை அதனிடமே புதுப்பித்துக்கொண்டே இருப்பதால். என்றைக்காவது அதுவும் மாட்டும்.

கேட்டவர்
ஆமாம், மாடியில் சிக்னல் இல்லை என்று ஒன்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டுமா?

பதில் 2
வேண்டாம், முகவரி கொடுக்கும் வேலையை மட்டும் பிடுங்கினால் போதும். நெட் வராத நாளிலேயே செய்யுங்கள், அப்போதுதான் பிரவுசரில் 192.168.0.1 எளிதாகத் திறக்கும். முதலில் டிஹெச்சிபியை நிறுத்திச் சேமியுங்கள். அப்புறம் அந்த ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். வரிசையை மாற்றினால் பாதி வேலையில் அந்தப் பக்கம் கைவிட்டுப் போகும். முதன்மை ரவுட்டர் பங்கிடும் எண்களுக்குள் 2 இருந்தால், வெளியே இருக்கும் வேறு எண்ணைப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஓடும் கேபிள் இரு பக்கமும் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) போர்ட்டில் இருக்கட்டும், வேன் (வெளி இணைப்புக்கான) போர்ட்டில் வேண்டாம். கடைசியாக, பழைய முகவரியை விட்டுப் புதிது வாங்க, கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ரிலீஸ், பிறகு ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ரினியூ கொடுங்கள்.

பதில் 3
இரண்டிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்து, சேனலை மட்டும் மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஒன்றோடொன்று மோதாது.

கேட்டவர்
செய்தேன். எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் 192.168.1 தான் வருகிறது, நெட்டும் விடாமல் வருகிறது. மிக்க நன்றி! ஆனால் பிரின்டர் இப்போது ஆஃப்லைன் என்கிறது.

பதில் 2
அதுவும் பழைய ரவுட்டரிடம் முகவரி வாங்கியிருக்கும். பிரின்டரை அணைத்துப் போடுங்கள், 192.168.1 வரிசையில் புதிதாக எடுத்துக்கொள்ளும். அப்புறமும் ஆஃப்லைன் என்றால், கம்ப்யூட்டர் இன்னும் பழைய எண்ணிலேயே தேடுகிறது. பட்டியலிலிருந்து பிரின்டரை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்.