அஞ்சாவது சனிக்கிழமைச் சம்பளம் மிச்சமா?

நொய்யல்கரை: நேத்து காந்திபுரம் இங்கே எழுதினது இது: “திருப்பூர் பனியன் கம்பெனியில சனிக்குச் சனி 4,500 சம்பளம் வாங்கற டைலர் மாசம் 18,000ன்னு பட்ஜெட் போடோணும். சில மாசத்துல வர்ற அஞ்சாவது சனிச் சம்பளம் முழுசும் மிச்சம். வருசத்துக்கு நாலு வரும், 18,000 சேரும்.” ஏனுங்க, அந்த அஞ்சாவது வாரம் அடுப்பு எரியாதுங்களா? வாடகை, சீட்டு, கடன் தவணை மாசத்துக்கு ஒருக்கா. மளிகை, காய் 1,200, பால் 250, பஸ், பெட்ரோல் 350, ஆக 1,800 வாராவாரம் போகும். 4,500ல கழிச்சா 2,700. நாலு சனிக்கு 10,800. மீதி 7,200 எங்கிருந்து வரும்?

காந்திபுரம்: மளிகையை வாராவாரம் வாங்கினா அப்படித்தான். மாசம் ஒருக்கா 25 கிலோ அரிசிச் சிப்பம் எடுங்க, எண்ணெய், பருப்பும் மொத்தமா எடுங்க. மளிகையும் மாசச் செலவாயிரும். அஞ்சாவது சனி மிச்சமேதான்.

நொய்யல்கரை: சிப்பத்துக்குக் காலண்டர் தெரியுமுங்களா? தினம் முக்கால் கிலோ வேகற வீட்டுல 25 கிலோ 33 நாள் ஓடும். ஒரு கிலோன்னா 25 நாள்தான். 31 நாள் மாசத்துல மீதி ஆறு நாளைக்குக் கடை நோட்டுல எழுதிட்டு வரோணும். ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்கறவங்க பனியன் கம்பெனி வீட்டுக்குக் கணக்குப் போட்டா இப்படித்தான் வரும்.

பல்லடம் தறி: சிப்பம் இப்ப நிறையக் கடையில 26 கிலோங்க. 2022 ஜூலையில 25 கிலோ வரைக்குமான பைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்ததும் மில்லுக்காரங்க மாத்திட்டாங்க. அது கிடக்கட்டும். 52 வாரமும் கூலி வருதுன்னு யாரு சொன்னது? தைக்கற பீஸுக்குத்தான் கூலி, கம்பெனி மூடினா காசில்லை. 2026ல அஞ்சு சனி வர்றது ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர். தீபாவளி நவம்பர் 8. ஊருக்குப் போனவங்க திரும்பி மிஷின் ஓடறதுக்குள்ள ஒரு வாரம் போயிரும். 14ஆம் தேதி சனிக்கிழமை கை வெறுசா நிக்கும். ஒரு அஞ்சாவது சனிக்கு 2,700தான் மிஞ்சும்னா, அந்த 4,500 துண்டை அடைக்க ரெண்டு அஞ்சாவது சனி வேணும்.

காந்திபுரம்: போனஸ் எதுக்கு இருக்குது? குறைஞ்சது 8.33 சதவீதம்னு சட்டமே சொல்லுது.

நொய்யல்கரை: துணி, பட்டாசு, சீர்னு அது தீபாவளிக்கு முன்னாடியே கரைஞ்சிருது. பேச்சை மாத்தாதீங்க, 7,200க்குப் பதில் சொல்லுங்க.

அவிநாசி அம்மிணி: இத்தனை சண்டை எதுக்குங்க? அந்தக் காசை ஏலச்சீட்டுல போட்டா முடிஞ்சுது.

நொய்யல்கரை: சீட்டு மாசாமாசம் தேதி தவறாம கேக்கும். வருசத்துக்கு நாலு தடவை வர்ற காசுல 12 தவணை எப்படிக் கட்டறது? பதிவு பண்ணின சீட்டுலயே நடத்தறவங்க கமிஷன் உச்சவரம்பை 5ல இருந்து 7 சதவீதமா ஏத்திட்டாங்க. போன வருசச் சீட்டுத் தகராறுலயும் இதைக் கேட்டேன், பதிலே வரலை.

அவிநாசி அம்மிணி: பதில் எழுதினேன். நீங்க அடுத்தவங்க எழுதினதை எப்பப் படிச்சீங்க? திருப்பூர்ல சீட்டெடுக்காம எத்தனை வீட்டுல கல்யாணம் நடந்திருக்குது?

பல்லடம் தறி: கல்யாணத்தை எதுக்குங்க இதுல இழுக்கறீங்க? மூடின வாரத்துக்கு ஒருத்தரும் பதில் சொல்லலை.

காந்திபுரம்: நாலு வாரத்துல மாசம் முடிஞ்சிருச்சு. அஞ்சாவது சனி மிச்சம். இதுக்கு மேல விளக்க முடியாது.

நொய்யல்கரை: மாசம் முடியலீங்க. 5,000 வாடகையை நாலாப் பிரிச்சு, சனிக்குச் சனி 1,250 டப்பாவுல தனியாப் போடுங்க. சீட்டு, தவணையும் அப்படியே. கரண்ட் பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, அதை எட்டாப் பிரிக்கோணும். அஞ்சாவது சனி அந்த டப்பாவுக்குப் போட வேண்டியதில்லை, அந்தக் காசுதான் மிச்சம். ஆகஸ்ட் 29 அஞ்சாவது சனிங்க. அன்னிக்குப் பால்காரர் காசு வாங்காமப் போறாரான்னு காந்திபுரம் இங்கே வந்து எழுதட்டும்.

காந்திபுரம்: பாலும் மாசக் கணக்குத்தான். அட்டை போட்டு வாங்குங்க.