12 ராத்திரி, 8 ஊரு, கூட்டுக்காரனோட ஐரோப்பா: ஓடி முடிக்க முடியுமா?

மார்த்தாண்டம்_மக்கா

எல்லாருக்கும் வணக்கம். நான் மார்த்தாண்டம், வேலை நாகர்கோயில்ல. நானும் என் கூட்டுக்காரனும் ஆறாங்கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு, அவன் இப்ப ஒம்பது வருசமா மஸ்கட்ல இருக்கான், லீவுக்கு வந்தா சொந்தக்காரங்க கல்யாணம், திருவிழா, வீட்டு வேலைன்னே நாள் போயிரும், ரெண்டு பேரும் சேந்து திற்பரப்பு தாண்டி எங்கயும் போனதில்ல. வாற தை மாசம் அவனுக்குக் கல்யாணம். அதுக்கு முன்னால செப்டம்பர்ல ஐரோப்பா போகணும்னு ரெண்டு பேருமா முடிவு பண்ணியாச்சு.

பிளான் அவன் போட்டது: பாரிஸ் 2 ராத்திரி, பிரஸ்ஸல்ஸ் 1, ஆம்ஸ்டர்டாம் 2, பெர்லின் 1, ப்ராக் 2, வியன்னா 1, வெனிஸ் 1, ரோம் 2. எல்லாம் ரயில்ல. ஒவ்வொரு ஊரா வாய்ஸ் நோட்ல சொல்லும்போது அவன் குரல்ல இருந்த சந்தோசத்தக் கேட்டப்புறம் எனக்கு எதையும் வேண்டாம்னு சொல்ல மனசு வரல.

கேக்க வேண்டியது மூணு. இது முடியுமா? ரயில் பாஸ் எடுக்கணுமா, தனித்தனியா டிக்கெட் போடணுமா? விசா எந்த நாட்டுக்குப் போடணும், முதல்ல இறங்குறது பாரிஸ்லதான், அப்ப பிரான்ஸ் தானே?

இன்னொண்ணு, எனக்கு ரெண்டு வருசம் முன்னால பைக்ல இருந்து விழுந்ததுல வலது முட்டுல வலி உண்டு, ரொம்ப நடந்தா ராத்திரி வீங்கிரும். அவன்கிட்ட இன்னும் சொல்லல.

தக்கலை_அக்கா

தம்பி, நானும் என் கூட்டுக்காரியும் 2023 ஜூன்ல இதே மாதிரிதான் போனோம், 11 ராத்திரி, 7 ஊரு. முடியுமான்னு கேட்டா முடியும், நாங்க முடிச்சோம். ஆனா நீங்க ரயில் ஓடுற நேரத்த மட்டும் பாத்து கணக்கு போட்டிருக்கியன்னு நினைக்கேன். பாரிஸ்ல இருந்து ஆம்ஸ்டர்டாம் மூணேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், ஆனா காலைல எழும்பி பெட்டி கட்டி ரூம காலி பண்ணி மெட்ரோ பிடிச்சு ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே போயி நின்னு, அங்க போய் இறங்கி ரூமைத் தேடிக் கண்டுபிடிச்சா மூணு மணிக்குத்தான் சாவி தருவோம்பாங்க, பெட்டிய அங்கயே வச்சிட்டு வெளிய வரும்போது அரை நாள் போயிருக்கும். உங்க பிளான்ல 7 தடவ ஊரு மாறுறிய. மூணரை நாள் அதுலயே போச்சு. அதுலயும் ஆம்ஸ்டர்டாம் - பெர்லின் ஆறு மணி நேரம், வியன்னா - வெனிஸ் பகல்ல போனா ஏழரை மணி நேரம், அந்த ரெண்டும் அரை நாள்ல அடங்காது.

இப்ப உங்க முட்டு விசயம். இதுக்குத்தான் நான் உக்காந்து எழுதுகேன்.

ப்ராக்ல சார்லஸ் பாலத்துக்கு விடியக்காலத்துல போனோம், ஜூன்ல அங்க 5 மணிக்கே வெளிச்சம் வந்துரும், 1357ல கட்ட ஆரம்பிச்ச பாலம், ரெண்டு பக்கமும் கருத்துப்போன சிலைக, ஆளே இல்ல, அவ்வளவு அழகு. பாதிப் பாலத்துல அவ உக்காந்துட்டா. ஷூவக் கழட்டுனா குதிங்கால்ல கொப்புளம் உடைஞ்சு சாக்ஸ் பூரா ரத்தம். பாரிஸ்ல இருந்தே இருக்கு, நாலு நாளா எங்கிட்ட சொல்லல. ஏன்ட்டி சொல்லலன்னு கேட்டா, "நீ அவ்வளவு ஆசையா லிஸ்ட் எழுதி வச்சிருந்தியே, நான் எப்படி சொல்லுவேன்"ன்னா. எனக்கு அழுகை வந்துட்டு. அந்த நாலு நாளும் நான்தான் முன்னால வேகமா நடந்துக்கிட்டே திரும்பித் திரும்பி வா வான்னு கூப்பிட்டது.

அன்னிக்கு ப்ராக் கோட்டைக்குப் போகல. மருந்துக்கடைல பிளாஸ்திரி வாங்கி ஒட்டிட்டு ஆத்தங்கரைல ஒரு பெஞ்சுல உக்காந்தோம். வீட்டுல இருந்து கொண்டுபோன முந்திரிக்கொத்து இருந்துது, அதத் தின்னுக்கிட்டு அவ அம்மாவுக்கு முடியாம கிடந்த ஒரு வருசத்தப் பத்தி பேசுனா, நான் அந்த சமயம் ஊர்ல இருந்தும் பாதி விசயம் எனக்குத் தெரியாது. 11 ராத்திரில எனக்கு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கது அந்த ஒரு நாளுதான். பிரஸ்ஸல்ஸ்ல என்னத்தப் பாத்தோம்னு போட்டோவ எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

அதனால முட்டுவலிய இன்னிக்கே அவர்ட்ட சொல்லுங்க. ப்ராக், ரோம் ரெண்டு ஊர்லயும் பழைய தெருவுல சின்னச் சின்னக் கருங்கல்லா பாவி வச்சிருப்பாங்க, நல்ல முட்டுக்கே அது கஷ்டம், சக்கரம் வச்ச பெட்டி உருளாது, தோள்ல மாட்டுற பை போதும்.

பின்ன கிழமையப் பாத்துப் போடுங்க. லூவர் மியூசியம் செவ்வாய் லீவு. வாடிகன் மியூசியம் ஞாயிறு லீவு, மாசத்துல கடைசி ஞாயிறு மட்டும் காலைல திறப்பாங்க, அன்னிக்கு ஃப்ரீங்கறதால கூட்டம் தாங்காது.

கொளச்சல்_கடலோரம்

விசாவப் பத்தி சொல்லுகேன். நீங்க போற நாட்டுக்கெல்லாம் சேத்து ஒரே விசாதான், ஷெங்கன் விசான்னு பேரு, அத எந்த நாட்டுகிட்ட போடணும்கிறதுதான் கேள்வி. பிரான்ஸ்னு நினைச்சிருக்கீங்க, தப்பு. முதல்ல எங்க இறங்குறோம்கிறது இல்ல கணக்கு, எந்த நாட்டுல கூட நாளு தங்குறோமோ அந்த நாட்டுக்குத்தான் போடணும். ஊரு கணக்கு பாக்காதீங்க, நாடு கணக்கு பாருங்க. வெனிஸ் 1, ரோம் 2, இத்தாலில மொத்தம் 3 ராத்திரி, பாரிஸ்ல 2தான். இந்த பிளான்படி நீங்க இத்தாலிக்குத்தான் போடணும். எல்லா நாட்டுலயும் சமமா தங்குனா மட்டுந்தான் முதல்ல நுழையிற நாடு.

கட்டணம் 2024 ஜூன்ல இருந்து 90 யூரோ. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். பயணத்துக்கு 6 மாசம் முன்னால இருந்து போடலாம், செப்டம்பர் கூட்டத்துக்கு முன்னாலயே அப்பாயின்ட்மென்ட் பிடிச்சிருங்க. பாரிஸ்ல இறங்கி ரோம்ல ஏறுற மாதிரி பிளைட் போடுங்க, திரும்ப பாரிஸ் போக வேண்டாம், திருவனந்தபுரத்துல இருந்து வளைகுடா வழியா ரெண்டுக்கும் கனெக்‌ஷன் கிடைக்கும்.

ஆம்ஸ்டர்டாமை மட்டும் குறைக்காதீங்க மக்கா, இது நம்ம ஊர் விசயம். 1741ல கொளச்சல்ல மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான், நம்ம ஊர்ல வெற்றித் தூண் நிக்குதுல்லா. அந்தக் கம்பெனி 1602ல தொடங்குனது, தலைமையிடம் ஆம்ஸ்டர்டாம். அங்க கடல்சார் மியூசியத்துக்கு வெளிய அவங்க கப்பல் ஒண்ண அதே அளவுல செஞ்சு தண்ணில கட்டிப் போட்டிருக்காங்க, உள்ள ஏறிப் பாக்கலாம். உதயகிரிக் கோட்டைல, அந்தப் போர்ல பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயோட கல்லறையப் பாத்துட்டு வளந்த பிள்ளைக நாம, அந்தக் கப்பல்ல போய் நின்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துட்டு.

மார்த்தாண்டம்_மக்கா

அக்கா, நீங்க எழுதுனத ரெண்டு தடவ வாசிச்சேன். இன்னிக்கு ராத்திரி சொல்லிருகேன். அண்ணே, இத்தாலின்னு நினைச்சே பாக்கல. அவன் மஸ்கட்ல இருந்து விசா போடலாமா, இல்ல ஊருக்கு வந்து போடணுமா?

கொளச்சல்_கடலோரம்

மஸ்கட்லயே போடணும். எங்க குடியிருக்கானோ அங்கதான். ரெசிடென்ட் கார்டு பயணம் முடிஞ்சப்புறமும் செல்லுபடியாகணும், அத இப்பமே பாக்கச் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒரே பிளானையும் ஒரே ஹோட்டல் புக்கிங்கையும் வைக்கணும், ஒருத்தர்ல ஒண்ணு இன்னொருத்தர்ல ஒண்ணு இருக்கக் கூடாது.

ரயில்_கிறுக்கன்_இரணியல்

பாஸ் பத்தி யாரும் சொல்லல. நம்மள மாதிரி வெளிய இருந்து போறவங்களுக்கு யூரெய்ல் பாஸ், ஒரு மாசத்துக்குள்ள 7 நாள் பயணம்னு ஒண்ணு உண்டு. ஆனா பாஸ் இருந்தாலும் பாரிஸ் - ஆம்ஸ்டர்டாம் யூரோஸ்டார், இத்தாலி வேக ரயில், ராத்திரி ரயில் எல்லாத்துக்கும் சீட்டுக்குத் தனியா காசு கட்டணும், பாஸ்காரங்களுக்கு ஒதுக்குற சீட்டும் குறைவு. தேதி உறுதியா தெரியும்னா உங்கள மாதிரி ஏழு பயணத்துக்கு ரெண்டு மூணு மாசம் முன்னால தனித்தனியா டிக்கெட் போடுறதுதான் எனக்கு சரியாப் படுது. தேதி தெரியாம நினைச்ச இடத்துல இறங்குறவங்களுக்குத்தான் பாஸ்.

ராத்திரி ரயில நல்லா பயன்படுத்துங்க. ஆம்ஸ்டர்டாம்ல இருந்து பெர்லின் வழியா ப்ராக் வரைக்கும் யூரோப்பியன் ஸ்லீப்பர்னு ஒண்ணு ஓடுது, தினமும் கிடையாது, வாரத்துல மூணு நாள்தான், அதுக்கு ஏத்தாப்புல தேதி வைக்கணும். வியன்னால இருந்து ரோமுக்கு நைட்ஜெட்னு ஒரு ராத்திரி ரயில் உண்டு. உக்காந்து போற சீட்டு எடுக்காதீங்க, படுக்கிற மாதிரி எடுங்க, நாகர்கோயில் - சென்னை ஸ்லீப்பர்ல போன பழக்கம் இருக்கவனுக்கு அது சுகமா இருக்கும், முட்டயும் நீட்டிக்கிடலாம்.

கோட்டாறு_பிள்ளை

ரோமுக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நமக்கெல்லாம் தெரியும், டிசம்பர் 3 மாவட்டத்துக்கே லீவு. அவர் உடம்பு கோவால இருக்கு, ஆனா வலது கை, முழங்கைக்குக் கீழ உள்ளது, ரோம்ல ஜேசு சர்ச்சுல வச்சிருக்காங்க. டிக்கெட் கிடையாது. ரோம்ல நெறைய சர்ச்சு மதியம் பூட்டிருவாங்க, அதனால காலைலயே போயிருங்க. பீட்டர் சதுக்கத்துலயும் ஒரு நிமிசம் நில்லுங்க, நட்டாலத்துல பிறந்த தேவசகாயத்துக்கு 2022 மே 15ல புனிதர் பட்டம் குடுத்தது அங்கவச்சுத்தான். நான் எங்கம்மாவ வீடியோ கால்ல கூப்பிட்டு அந்த இடத்தக் காமிச்சேன், அம்மா ஒண்ணும் பேசாம கும்பிட்டுக்கிட்டே இருந்தா.

மார்த்தாண்டம்_மக்கா

மூணு நாள் கழிச்சு வாறேன். அவன்கிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் போன்ல சத்தமே இல்ல. பின்ன, "லேய், எனக்கு ஊரு முக்கியமாலே"ன்னு கேட்டான், கோவமாத்தான் கேட்டான். அடுத்த நாள் காலைல அவனே புது பிளான் அனுப்பினான்: பாரிஸ் 3, ஆம்ஸ்டர்டாம் 2, ராத்திரி ரயில், ப்ராக் 2, வியன்னா 1, ராத்திரி ரயில், ரோம் 2. மொத்தம் 12தான் வருது. பிரஸ்ஸல்ஸ், பெர்லின், வெனிஸ் மூணையும் எடுத்துட்டான். இப்ப பிரான்ஸ்லதான் கூட நாளு, அப்ப விசா பிரான்சுக்கு, சரிதானே அண்ணே?

ப்ராக் ரெண்டாவது நாளுக்கு நேரா "ஒண்ணும் இல்ல, ஆத்தங்கரை"ன்னு எழுதி வச்சிருக்கான். அக்கா, நீங்க எழுதுனத அவனுக்கு அனுப்பியிருந்தேன். அந்த பெஞ்சு எந்தக் கரைல, பாலத்துல இருந்து எந்தப் பக்கம்னு சொல்லுவியளா?

தக்கலை_அக்கா

கோட்டை இருக்க கரைல தம்பி. பாலத்துல இருந்து இறங்குனதும் இடது பக்கம் திரும்பி ஆத்த ஒட்டியே பைய நடங்க, கம்பா தீவுன்னு ஒரு பூங்கா வரும், பெரிய பெரிய மரம், அதுக்குக் கீழ பெஞ்சு. முந்திரிக்கொத்து தாராளமா கொண்டு போலாம், பால்கோவா, நெய்ப் பலகாரம், இறைச்சி ஒண்ணும் வேண்டாம், அங்க உள்ள விட மாட்டாங்க.