கீழக்கரையில் சுண்ணாம்பு வீடு: இடிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கிணற்றடி வீடு:
எல்லோருக்கும் ஸலாம். உம்மா எனக்குத் தந்த வீடு இது. கடல்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, உம்மாவுக்கு அவங்க உம்மா தந்தது. கிணற்றடிச் சுவரில் 4 வருடத்துக்கு முன்னால் சிமெண்ட் பூசினோம். இந்த மழைக்கு அது தகடு தகடாகப் பெயர்ந்து விழுந்துவிட்டது, பின்னால் இருக்கும் கல்லில் விரல் வைத்தால் ஈர மாவு போல உதிர்கிறது. மேஸ்திரி மொத்தமாக இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார். எங்கள் தெருவில் இரண்டு வீடு அப்படித்தான் போனது. எனக்கு மனசு வரவில்லை. இந்த மாதிரித் தெருவுக்கு அரசாங்கப் பாதுகாப்பு எதுவும் உண்டா?

பாம்பன் கொத்தனார் மகன்:
ராத்தா, இடிக்காதீங்க. கெட்டது கல் இல்லை, சிமெண்ட். தரையிலிருந்து உப்புத் தண்ணீர் சுவரில் ஏறும், சுண்ணாம்புக் காரை அதை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அடைத்துவிடும், அப்போது உப்பு கல்லுக்குள்ளேயே தங்கிக் கல்லைத் தின்னும். அந்தச் சிமெண்ட்டை மிச்சம் வைக்காமல் செதுக்கி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் விட்டுக் குழைத்துப் பூச வேண்டும். அவசரப்பட்டால் பூச்சில் வெடிப்பு விழும். உங்கள் கடல்பாறைக் கல் பவளப்பாறைதான், அது இப்போது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, கடலில் எடுக்கவே முடியாது, அதனால் சுவரில் உறுதியாக இருக்கும் பழைய கல்லில் ஒன்றைக்கூட வீணாக்காதீங்க.

சேதுச்சீமை:
சட்டம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். ராமநாதபுரம் அரண்மனையில் சுவரோவியம் இருக்கும் ராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. பழைய சின்னங்களுக்கான தமிழ்நாட்டின் 1966 சட்டம் அப்படித் தனித்தனிச் சின்னமாகத்தான் காக்கும், ஆட்கள் குடியிருக்கும் தெருவுக்கு அது எட்டாது. 2012-ல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் ஒன்று வந்தது, மரபுக் கட்டடங்களுக்கும் பகுதிகளுக்கும் அதுதான் வழி. உங்கள் ஊர் பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அந்தத் தூண்களைச் சுற்றியிருக்கும் வீடுகள் போய்விட்டால் பள்ளி மட்டும் தனியாக நிற்கும். அது எனக்குத் தாங்கவில்லை.

சிகாகோ தொண்டிக்காரன்:
நான் இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் கலீனா என்று ஒரு சின்ன ஊர், ஈயச் சுரங்கத்தால் பெருத்து, அது ஓய்ந்ததும் படுத்த ஊர். கையில் பணம் இல்லாததால் பழையதை யாரும் இடிக்கவில்லை. 1969-ல் அதன் பழைய பகுதி வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் ஏறியது, இன்று ஊரில் சுமார் 85 சதவீதக் கட்டடங்கள் அந்த வரலாற்றுப் பகுதிக்குள். ஆனால் ஒன்று, பதிவேட்டில் ஏறினால் மட்டும் சொந்தக்காரர் தன் காசில் இடிப்பதை யாரும் தடுக்க முடியாது, தடுப்பது அந்தந்த ஊர் நகரசபை போடும் விதிதான். அதனால் நீங்களும் நகராட்சியிலிருந்து தொடங்குங்கள். ஒரு வீட்டுக்காக இல்லாமல் தெருவே சேர்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போட்டோ எடுத்து, மனுவாகக் கொடுங்கள்.

கிணற்றடி வீடு:
எல்லோருக்கும் நன்றி. மேஸ்திரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு மாமியும் அவங்க வீட்டைப் போட்டோ எடுக்கச் சம்மதித்துவிட்டார். பாம்பன் தம்பி, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், அடுத்த மழைக்குள் சுவர் காய வேண்டும்.