காப்பகத்து வெள்ளை ராஜபாளையம்: காது கேட்கிறதா என எப்படிப் பார்ப்பது?

கேள்வி: காப்பகத்தில் 2 வயது ராஜபாளையம் பெண் நாய். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பயமா, செவிடா? தத்தெடுக்கும் முன் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில் 1: இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. தோலை வெளுக்கவைக்கும் நிறமிக் குறைபாடு உள்காதையும் கெடுக்கும். தூங்கும்போது பின்னால் ஆறடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலைத் தட்டாதீர்கள், தரை அதிர்வில் எழுந்துவிடும். பக்கத்தில் வேறு நாய் கூடாது. அது திரும்பினால் இதுவும் பார்த்துத் திரும்பும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது, அதற்கு 'பேர்' (BAER) பரிசோதனைதான், ஒலிக்கு மூளை காட்டும் மின் அலைகளை ஒவ்வொரு காதுக்கும் தனியாக அளப்பது.

பதில் 2: காதில் 'வி' வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது. வெறிநாய்த் தடுப்பூசி அட்டையில் தேதி பாருங்கள். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை அவசியம், தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையோடு.

பதில் 3: வீட்டில் வேறு நாய் இருந்தால் 14 நாள் தனி அறை, தனித் தட்டு. காப்பகங்களில் டிஸ்டெம்பர் என்ற நாய் வைரஸ் நோய் எளிதில் பரவும். மூக்கொழுகல், பீளை, இருமல் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

செவிடு என்றாலும் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். கைச்சைகையை நன்றாகப் பழகும். தூங்கும்போது திடீரென்று தொடக்கூடாது, பதறிக் கடிக்கலாம். மூக்கருகே கையை நீட்டி மணம் காட்டி எழுப்புங்கள். வெளியே எப்போதும் கயிற்றில்தான்.