டயாலிசிஸ் தொடங்கியபின் நண்பர்கள் விலகுகிறார்கள்: என்ன செய்யலாம்?

மலைக்கோட்டைவாசி:
எனக்கு வயது 41. பதினான்கு மாதங்களாகத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் காலையில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டதால், ரசம், மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் கூடாது என்று மருத்துவர் அளவு விதித்திருக்கிறார். எங்கள் நால்வரின் நட்போ இருபது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் டீக்கடைப் பெஞ்சில் வளர்ந்தது. இப்போது நான் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தால், மற்ற மூவரும் ஏதோ தவறு செய்துவிட்டதைப் போல அவசரமாகக் குடித்து முடிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தம் மகளின் காதணி விழாவுக்கு என்னை அழைக்கவே இல்லை. "உனக்கு எதற்கு அலைச்சல் என்றுதான் சொல்லவில்லை" என்று பிறகு விளக்கம் சொன்னார். எனக்கு அலைச்சலா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டியவன் நான் அல்லவா? இவர்களிடம் எப்படிப் பேசுவது?

ஆறாண்டு அனுபவம்:
ஐயா, பேசுவதற்கு முன்னால் கிழமையை மாற்றிப் பாருங்கள். உங்கள் அட்டவணைப்படி வெள்ளிக்குப் பிறகு திங்கள் வரை இடைவெளி நீள்கிறது. ஞாயிறு மாலைக்குள் உடலில் நீர் சேர்ந்து, காலும் மூச்சும் கனக்கும் நேரத்தில்தான் நீங்கள் அந்தப் பெஞ்சுக்குப் போகிறீர்கள். சனிக்கிழமையில் வெள்ளியன்று வந்த அசதி தீர்ந்திருக்கும், நீரும் அவ்வளவாக ஏறியிருக்காது. நான் கடைக்காரரிடம் சொல்லிவைத்து, சிறிய டம்ளரில் பாதி மட்டும் வாங்கிக்கொள்கிறேன். அந்த அளவை அன்றைய கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறேன். டீயைவிட அதனுடன் வரும் மிக்சர்தான் ஆபத்து, ஏனென்றால் உப்பு உள்ளே போனால் தாகத்தை மன உறுதியால் அடக்க முடியாது. பார்க்க வருபவர்கள் அன்போடு வாங்கிவரும் இளநீரையும் வாழைப்பழத்தையும் தயங்காமல் மறுத்துவிடுங்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதை ஒருமுறை விளக்கிச் சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை. என் மாமியாரைத் தவிர!

நோயாளியின் நண்பன்:
மறுபக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். என் நண்பனுக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது நானும் ஏழெட்டு மாதங்கள் ஒதுங்கித்தான் இருந்தேன். தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அவன் சிறுநீரகம் கேட்டுவிடுவானோ என்று பயந்தேன். நெருங்கிய உறவினரல்லாத ஒருவர் அன்பின் பேரில் கொடுக்க முன்வந்தாலும், 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவனே, "இறந்தவர்களிடமிருந்து பெறுவதற்கான காத்திருப்புப் பட்டியலில் பதிந்துவிட்டேன், உன்னிடம் நான் கேட்பது அரட்டை மட்டும்தான்" என்றான். நான் வெட்கப்பட்டேன், ஆனாலும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. உங்கள் நண்பர்களிடமும் இப்படி ஏதாவது பயம் இருக்கக்கூடும். பணம் கேட்பீர்கள் என்ற பயமாகவும் அது இருக்கலாம். எது தேவை, எது தேவையில்லை என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

மலைக்கோட்டைவாசி:
இருவருக்கும் நன்றி. சிறுநீரகம் கேட்பேன் என்று பயந்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்தால், நான் பட்டியலில் பதிந்திருப்பதையே அவர்களிடம் சொன்னதில்லை. நேற்று மூவருக்கும் தனித்தனியே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். இருவர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காதணி விழாவுக்கு அழைக்காதவர் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டுக்கு நானே ஒருமுறை போய்வரலாம் என்று இருக்கிறேன், டயாலிசிஸ் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில்.