ஜாங்கோஜேஎஸ் தேவையில்லையாம்!

உப்புவெளியான்: நேற்று கடற்காகம் இங்கே அறிவித்திருந்தார்: ஜாங்கோவில் (பைதனில் இணையத்தளம் கட்டும் சட்டகம்) ஜாவாஸ்கிரிப்டைத் தமிழாக்க, மொழிபெயர்க்க வேண்டிய வரிகளைத் திரட்டும் மேக்மெசேஜஸ் கட்டளை வெறுமனே போதும், அதோடு 'மைனஸ் டி ஜாங்கோஜேஎஸ்' சேர்ப்பதெல்லாம் பந்தா. அதை நம்பி என் மருமகன் இரவு ஒரு மணி வரை முழித்திருந்தான். புறாமலைத் தீவுக்குப் படகு பதிகிற இணையத்தளம். பொத்தானில் 'புக் நவ்' அப்படியே நிற்கிறது. வெறும் கட்டளை பைதன், எச்டிஎம்எல், டெக்ஸ்ட் கோப்புகளைத்தான் தேடும். ஜாவாஸ்கிரிப்டின் ஜேஎஸ் கோப்பை எட்டியும் பார்க்காது; அதற்குத்தான் 'மைனஸ் டி ஜாங்கோஜேஎஸ்'.

கடற்காகம்: எனக்கு வேலை செய்தது. மொழிபெயர்ப்பை உலாவிக்கு அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட்கேட்டலாக் வியூவில் டொமைன் (எந்தத் தொகுப்பை எடுப்பது என்பது) 'ஜாங்கோ' என்று கொடுத்தேன். மொழிபெயர்ப்பு இருக்கும் பிஓ கோப்பில் வரிகளைக் கையால் எழுதினேன். உங்கள் மருமகன் பிழை விட்டால் நான் பொறுப்பா?

உப்புவெளியான்: கையாலா! இன்னொரு தரம் மேக்மெசேஜஸ் ஓட்டிப் பாருங்கள். மூலத்தில் இல்லாத வரி என்று முன்னால் '#~' போட்டுக் கோப்பின் அடிக்குத் தள்ளிவிடும். தளம் படிக்கும் வடிவத்துக்குக் கம்பைல் செய்தால் மறுபடி 'புக் நவ்'. நேற்றைய பதிவில் இதை ஏன் சொல்லவில்லை?

கிண்ணியாக்காரி: அண்ணை, நான் ஜாங்கோஜேஎஸ் போட்டும் ஒரு வரி தமிழில் வரவில்லையே. பிஓ கோப்பில் அந்த வரிக்கு மேலே 'ஃபஸி' என்று இருக்கிறது.

உப்புவெளியான்: தங்கச்சி, ஃபஸி என்றால் உறுதியில்லாத மொழிபெயர்ப்பு; அந்த வரியைக் கம்பைல் செய்யும் கட்டளையான கம்பைல்மெசேஜஸ் விட்டுவிடும். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துவிட்டு 'ஃபஸி' என்ற சொல்லை அழியுங்கள். ஆனால் இங்கே கதை அதுவல்ல. ஜாங்கோஜேஎஸ்!

கோட்டைவாசல்: அதை விடுங்கள். கடற்காகம் தளத்தில் '3 படகு உண்டு' என்று இருக்கிறது. எண்ணிக்கைக்கேற்ப ஒருமை, பன்மையைத் தேரும் என்கெட்டெக்ஸ்ட் எதற்கு இருக்கிறது? தமிழ் பிஓவில் ஒருமை, பன்மை இரண்டுக்கும் இடம் உண்டு. '3 படகுகள்' என்று எழுதத் தெரியாதா?

கடற்காகம்: தெரிந்துதான் இரண்டிலும் 'படகு' போட்டேன். நிலாவெளிக் கரையில் நின்று 'மூன்று படகுகள் வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

கோட்டைவாசல்: எழுத்து வேறு, பேச்சு வேறு. போன மாதம் 'விலைபட்டியல்' என்று ஒற்று இல்லாமல் எழுதியவரும் இவர்தான்.

கடற்காகம்: ஓம், அதை இன்னும் மடியில் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

உப்புவெளியான்: படகு எத்தனை என்றாலும் இருக்கட்டும். மேக்மெசேஜஸ் திரும்ப ஓட்டினீர்களா, இல்லையா?

கடற்காகம்: ஓட்டத் தேவையில்லை. எனக்கு வேலை செய்கிறது.

உப்புவெளியான்: அதாவது ஓட்டவில்லை.

கிண்ணியாக்காரி: ஃபஸியை அழித்தேன், வந்துவிட்டது. நன்றி அண்ணை. நானும் '3 படகு' என்றுதான் போட்டிருக்கிறேன்.

கோட்டைவாசல்: நீங்களுமா?