போலந்தின் 'ரிஷ்' நம்ம அரிசியா?

மருதன்: போலிஷ் மொழியில் அரிசிக்கு 'ரிஷ்' என்று பெயர். முன்னால் ஒரு 'அ' போட்டுப் பாருங்கள், நம்ம அரிசி! சேரர் துறைமுகமான முசிறியில் கப்பலேறி வார்சா வரைக்கும் போயிருக்கிறது. இன்னும் என்ன சான்று வேண்டும்?

சொல்வேட்டை: அண்ணே, அந்த 'ஷ்' போலந்துக்குப் போன பிறகு ஒட்டியது. இடைக்கால ஜெர்மனில் அது 'ரீஸ்'. அன்றைய ஜெர்மன் 'ஸ்' போலிஷ் காதுக்கு 'ஷ்' மாதிரி கேட்டது. நகரமன்றக் கட்டடத்தைக் குறிக்கும் 'ராத்ஹவுஸ்' அங்கே 'ராத்துஷ்' ஆனதும் அப்படித்தான். ஜெர்மனுக்கு முன்னால் இத்தாலிய 'ரீசோ' வகையறா, அதற்கும் முன்னால் லத்தீன், கிரேக்க 'ஒருசா'.

மருதன்: சரி, 'ஒருசா'வையே வைத்துக்கொள்வோம். அது அரிசி இல்லாமல் வேறென்ன?

சொல்வேட்டை: காலம் இடிக்கிறதே. நெல்லை வர்ணித்து எழுதிய கிரேக்கர் தியோபிராஸ்டஸ், அலெக்சாந்தர் காலத்தவர். அலெக்சாந்தர் சிந்துப் பக்கம் வந்தது கி.மு. 327 வாக்கில். முசிறியில் ரோமானிய வணிகம் கொழித்தது அதற்குச் சுமார் மூன்று நூற்றாண்டு கழித்து. அப்புறம், பாரசீகத்தில் 'பிரிஞ்ச்' (ஓட்டலில் சாப்பிடும் பிரிஞ்சிக்கும் அதுதான் பெயர் கொடுத்தது), ஆப்கானிஸ்தானின் பஷ்தோ மொழியில் 'வ்ரிஜே', சமஸ்கிருதத்தில் 'வ்ரீஹி'. எல்லாம் ப, வ போன்ற உதட்டொலியில் தொடங்குகின்றன. அரிசியில் அது எங்கே? ஏதோ ஓர் ஈரானிய மொழி வழியாகக் கிரேக்கத்துக்குப் போயிருக்கும் என்பதுதான் வலுவான கருத்து.

கோதாவரி: உதட்டொலி தெலுங்கில் இருக்கிறதே! நெற்பயிருக்கு நாங்கள் சொல்வது 'வரி'. திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான மூலத் திராவிடத்தில் 'வரிஞ்சி' போன்ற வடிவம் இருந்திருக்கும் என்கிறார் மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. 'வ்ரீஹி' ரிக்வேதத்தில் கிடையாது, அதர்வத்தில்தான் தலைகாட்டுகிறது. யாரிடமோ வாங்கிய சொல் என்று தெரியவில்லையா?

மருதன்: கேட்டீர்களா! கடைசியில் திராவிடம்தானே?

சொல்வேட்டை: 'வரிஞ்சி'யை யாரும் எழுதி வைக்கவில்லை, அறிஞர்கள் ஊகித்து மீட்ட வடிவம். அதையே ஏற்றாலும், வகரத்தோடு வடக்கே பரவிய ஒரு பழைய சொல் என்றுதான் ஆகும். தமிழ் 'அரிசி' கப்பலேறியதாக ஆகாது.

மருதன்: அப்படியானால் 'வ்ரீஹி'க்கு ஓர் ஆரிய வேர் காட்டுங்கள் பார்ப்போம்.

சொல்வேட்டை: ஆரிய வேர் என்று நான் எங்கே சொன்னேன்? ஆரியம் இல்லையென்றால் உடனே திராவிடம் ஆகிவிடாது. நெல் விளைத்த கிழக்கிந்தியாவில் ஆரியமும் திராவிடமும் அல்லாத முண்டா மொழி பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் எப்படி முடிவு கட்டுவது?